தண்டவாளம் அறிந்த படங்கள்

கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகப் போட்ட பாதை 1862-இல் திருச்சிராப்பள்ளியை எட்டியது. அதே ஆண்டு ஏப்ரல் 12 அன்று, அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவே, வடக்குப் படைக்காரர்கள் சிலர் மாறுவேடத்தில் ஜார்ஜியாவுக்குள் புகுந்து ‘ஜெனரல்’ என்ற ரயில் என்ஜினைக் கடத்திக்கொண்டு ஓடினார்கள். வழியெல்லாம் தந்திக் கம்பியை அறுப்பது, தண்டவாளத்தைப் பெயர்ப்பது, மரப்பாலங்களைக் கொளுத்துவது என்று திட்டம். அது எங்கே கெட்டது என்பது மயிலாடுதுறை, தஞ்சாவூர் வழியாக ஓடும் மெயின் லைனில் பயணம் செய்த டெல்டாக்காரர் எவருக்கும் சொல்லாமலே விளங்கும். கிங்ஸ்டன் என்ற ஸ்டேஷனில் கிராசிங். ஒற்றைத் தடம், எதிரே சரக்கு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. ஒரு மணி நேரத்துக்கு மேல் கடத்தல்காரர்கள் அங்கேயே கிடந்தார்கள். துரத்தி வந்தவர்களுக்கு அந்த நேரம் போதுமானதாக இருந்தது. மழையில் ஊறிய மரப்பாலமும் பற்றவில்லை.

இந்தச் சம்பவத்தை வைத்துத்தான் பஸ்டர் கீட்டன் 1926-இல் ‘தி ஜெனரல்’ எடுத்தார். ஏறக்குறைய நூறு ஆண்டு ஆகிறது. ரயில் படங்களில் இதைத் தாண்டிப் போனவை கைவிட்டு எண்ணக்கூடியவைதான். காரணம், கீட்டனுக்கு ரயிலின் குணம் தெரிந்திருந்தது. ரயில் விலகாது, ஒதுங்காது, முன்னால் போகிற வண்டியைத் தாண்டிப் போகவும் முடியாது. தடம் மாற்றும் பாயிண்ட் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கம்தான் போகும். துரத்தல் முழுவதையும் அவர் இந்தக் கட்டுப்பாட்டிலிருந்தே பிறப்பிக்கிறார். தண்டவாளத்தின் மேல் ஒரு கட்டை கிடந்தால் அதை எடுத்தே ஆகவேண்டும், சுற்றிப் போக வழியில்லை. ரயில் படம் எதுவாக இருந்தாலும் இதை வைத்தே உரசிப் பார்க்கலாம்: கதையின் நெருக்கடி பாதையின் விதியிலிருந்து வருகிறதா, அல்லது ரயில் வெறும் ஓடுகிற அறையாக இருக்கிறதா?

அந்தப் படத்தில் ஒரு காட்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். காதலி கைவிட்ட சோகத்தில் கீட்டன் என்ஜினின் இணைப்புத் தண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறார். பெரிய சக்கரங்களை ஒன்றோடொன்று பூட்டும் இரும்புத் தண்டு அது. வண்டி ஓடும்போது தண்டு சாயாமல் கிடைமட்டமாகவே இருந்துகொண்டு, அதன் ஒவ்வொரு புள்ளியும் ஒரு வட்டம் போடும். என்ஜின் மெல்ல நகர, அவர் அப்படியே மேலே ஏறுகிறார், இறங்குகிறார், ஏறுகிறார், ஷெட்டுக்குள் மறைகிறார். பார்க்கச் சிரிப்பு வரும். ஆனால் டிரைவர் நீராவியைத் திறந்துவிடும் ரெகுலேட்டரை ஒரு விரற்கடை கூடுதலாகத் திறந்திருந்தால் சக்கரம் தண்டவாளத்தில் பிடிப்பு விட்டு நின்ற இடத்திலேயே கிறுகிறுவெனச் சுழன்றிருக்கும். நீராவி என்ஜின் கிளம்பும்போது இது அடிக்கடி நடப்பது. மழை நாளிலும், தண்டவாளத்தில் எண்ணெய்ப் பசை இருக்கும்போதும் இன்னும் மோசம். அதற்காகத்தான் என்ஜினில் மணல் பெட்டி வைத்து, குழாய் வழியாகச் சக்கரத்தடியில் மணல் விடுவார்கள். சக்கரம் சுழன்றிருந்தால் தண்டின் மேல் உட்கார்ந்த ஆளின் கதி என்ன என்று நினைத்தால் நெஞ்சு பதறும். பாலம் இடிந்து என்ஜின் ஆற்றில் விழும் காட்சியும் மெய்யானதே. ஒரிகான் மாநிலத்தில் காட்டேஜ் குரோவ் அருகே ஒரே தடவையில் எடுத்தார்கள். ஆற்றில் விழுந்த இரும்பு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பழைய இரும்புக்காக எடுக்கப்படும்வரை அங்கேயே கிடந்தது.

சினிமாவுக்கும் ரயிலுக்கும் உறவு ஆரம்பத்திலிருந்தே உண்டு. லூமியர் சகோதரர்களின் லா சியோட்டா ரயில் 1896 ஜனவரியில் திரையில் வந்தது. ஒரு நிமிடம்கூட ஓடாது. பார்த்தவர்கள் அலறி ஓடினார்கள் என்ற கதைக்கு ஆதாரம் இல்லை, ஆனாலும் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். நமக்கு அதைவிட முக்கியமான செய்தி திருச்சியில் இருக்கிறது. சவுத் இந்தியன் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் விலைக்கு வாங்கி, கூடாரம் போட்டு ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். தென்னாட்டில் சினிமாவைப் பரப்பியவர் ஒரு ரயில்வே ஊழியர். அதற்குரிய மரியாதை அவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.

நீராவி என்ஜினின் உள்ளுடலைக் காட்டியதில் ஜான் ஃபிராங்கன்ஹைமரின் ‘தி டிரெயின்’ (1964) தனி இடத்தில் நிற்கிறது. பிரான்சின் ஓவியங்களை ஜெர்மானியர் ரயிலில் ஏற்றிக் கடத்துகிறார்கள். ரயில்வேக்காரர்கள் அதைத் தடுக்கிறார்கள். கிழட்டு டிரைவர் ஒருவர் எண்ணெய்க் குழாயில் நாணயத்தைச் செருகுகிறார். வெடி இல்லை, துப்பாக்கி இல்லை. எண்ணெய் போகாவிட்டால் தாங்கி (பேரிங்) காயும், சூடேறும், அதற்குள் பூசியிருக்கும் வெள்ளை உலோகம் உருகி வழியும். அதோடு என்ஜின் அவ்வளவுதான். இந்த உலோகம் வெள்ளீயம் அல்லது காரீயத்தை முதன்மையாகக் கொண்ட கலவை. அது முதலில் உருகவேண்டும் என்றே வைத்தது. அச்சு கெடாமல் தப்பிக்கும், தாங்கியை மட்டும் மறுபடி வார்த்துக்கொள்ளலாம். ‘ஹாட் ஆக்ஸில்’ என்று கார்டும் டிரைவரும் பயப்பட்டதும் இதே காய்ச்சலுக்குத்தான். ஸ்டேஷனில் வண்டி நின்றதும் ஊழியர் அச்சுப்பெட்டியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே போவார். படத்தில் பர்ட் லங்காஸ்டர் அந்தத் தாங்கியைத் தாமே வார்த்துச் சீவிப் பொருத்துகிறார், கேமரா பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. பொன்மலைப் பணிமனையில் வேலை பார்த்தவர்கள் இந்த ஒரு காட்சிக்காகவே படத்தை நம்புவார்கள். வழிநெடுக ஸ்டேஷன் பெயர்ப்பலகைகளை மாற்றி, ரயில் ஜெர்மனிக்குள் போய்விட்டதாக எதிரியை ஏமாற்றுவதும் அதே ரயில்வே மூளைதான்: வண்டிக்குள் இருப்பவனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதைச் சொல்வது அந்தப் பலகை மட்டுமே.

அதே 1964-இல் தமிழில் ‘பச்சை விளக்கு’. சிவாஜி கணேசன் என்ஜின் டிரைவர். பீம்சிங்கின் குடும்பக் கதை அது; ரயில் அதில் பிழைப்பாகவும் உவமையாகவும் வருகிறது. டிரைவரின் வேலையை மரியாதையோடு நடுவில் வைத்த தமிழ்ப்படம் என்பதே அதன் பெருமை.

பாரதிராஜாவின் ‘கிழக்கே போகும் ரயில்’ (1978) வேறொரு வகையில் வியப்பூட்டும். பிரிந்த காதலர்கள் ரயிலின் கடைசிப் பெட்டியில் எழுதிச் செய்தி அனுப்புகிறார்கள். ஏன் கடைசிப் பெட்டி? கதைக்கு அழகு என்று விட்டுவிடலாம். ஆனால் ஒற்றைத் தடத்தில் ரயில்வேயும் அந்தப் பெட்டியைத்தான் பார்க்கிறது. ஒரு செக்‌ஷனுக்குள் (இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே உள்ள தூரம்) ஒரு நேரத்தில் ஒரே வண்டி. அதற்கு அத்தாட்சி டோக்கன். ஸ்டேஷனில் இருக்கும் நீல்ஸ் கருவியிலிருந்து டோக்கனாக விழும் இரும்புக் குண்டைப் பையில் போட்டு, பிரம்பு வளையத்தில் கட்டி, ஓடுகிற என்ஜினுக்கு நீட்டுவார்கள். ஃபயர்மேன் கையை வளைத்துக் கோத்துக்கொள்வார். அடுத்த ஸ்டேஷன் சம்மதித்து மின்சாரம் அனுப்பாமல் இந்தப் பக்கம் குண்டு வெளியே வராது. வண்டி வந்து சேர்ந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் டோக்கனை வாங்கினால் மட்டும் போதாது. கடைசி வண்டியின் பின்னால் ‘எல்.வி.’ (லாஸ்ட் வெஹிக்கிள், கடைசி வண்டி) பலகை இருக்கிறதா, இரவானால் சிவப்பு வால் விளக்கு எரிகிறதா என்று கண்ணால் பார்க்கவேண்டும். இல்லாவிட்டால் கொக்கி விட்டுப் பாதி வண்டி நடுவழியில் நிற்கிறது என்று பொருள், அடுத்த வண்டியை அனுப்ப முடியாது. ஆக, எல்லா ஸ்டேஷனிலும் ஒருவர் கட்டாயம் கவனித்துப் பார்க்கும் பெட்டி கடைசிப் பெட்டி. காதலர்கள் தேர்ந்த இடம் அதுவே.

இன்னொன்றையும் கவனிக்கலாம். கிழக்கே போகும்போது கடைசியாக இருக்கும் பெட்டி, திரும்பி வரும்போது கடைசியாக இராது. முடிவு ஸ்டேஷனில் என்ஜின் கழன்று அடுத்த முனைக்கு வந்து மாட்டிக்கொள்ளும், வால் தலையாகிவிடும். அதே ரேக் (பெட்டிகளின் தொடர்) மறுபடி கிழக்கே போகும்போதுதான் எழுத்து மறுபடி வாலுக்கு வரும். ஒரே ரேக் போய்வந்தால் ஒரு கணக்கு, இரண்டு ரேக் மாறி மாறி ஓடினால் செய்திக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். படத்தின் பெயரில் ‘கிழக்கே போகும்’ என்று திசை இருப்பது இந்தக் கணக்கோடு பொருந்தி நிற்கிறது.

பிரேக் விஷயத்தில்தான் படங்கள் அதிகம் தடுமாறுகின்றன. வில்லன் பிரேக் குழாயை அறுக்கிறான், ரயில் நிற்காமல் பறக்கிறது. நடக்காது. மீட்டர் கேஜ் (இரு தண்டவாளங்களுக்கும் இடையே ஒரு மீட்டர்) காலத்து வேக்குவம் பிரேக்கில் என்ஜின், வண்டி முழுக்க ஓடும் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி ஏறக்குறைய 21 அங்குல பாதரச அளவுக்கு வெற்றிடம் வைத்திருக்கும். அந்த வெற்றிடம் இருக்கும்வரைதான் பிரேக் விலகியிருக்கும். குழாய் எங்கே உடைந்தாலும் காற்று புகுந்து எல்லாப் பெட்டியிலும் பிரேக் பிடித்துக்கொள்ளும். இப்போதைய காற்றழுத்த பிரேக்கிலும் கொள்கை அதேதான். குழாயில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் இருந்தால் விலகும், இறங்கினால் பிடிக்கும். 1980-இல் வந்த ‘தி பர்னிங் டிரெயின்’ முதல் எத்தனையோ படங்கள் இந்த இடத்தில் வழுக்குகின்றன. பிரேக் உண்மையில் கைவிடும் விதம் வேறு: குழாய் இணைக்கப்படாமலே வண்டி நகர்ந்தால், அல்லது என்ஜினுக்கும் பெட்டிகளுக்கும் இடையே உள்ள காக் (குழாயை அடைக்கும் திருகு) மூடியிருந்தால்.

2001 மே 15 அன்று ஒஹாயோவில் நடந்தது அந்த வகை. யார்டுக்குள் நகர்த்தும் வேலை என்பதால் பெட்டிகளின் காற்றுப் பிரேக் இணைக்கப்படவில்லை. டிரைவர் ஒரு பாயிண்ட்டைத் திருப்ப இறங்கினார். என்ஜின் மோட்டாரையே தடையாக்கும் டைனமிக் பிரேக்கைப் போட்டுவிட்டதாக நினைத்தார். அது பிடிக்கவில்லை, என்ஜின் இழுவையில் இருந்தது. 47 பெட்டிகள் ஆளில்லாமல் சுமார் 66 மைல் ஓடின. இன்னொரு என்ஜினைப் பின்னாலிருந்து விரட்டிக் கொண்டுபோய் மாட்டி, அதன் பிரேக்கால் வேகத்தைக் குறைத்து, ஓர் ஊழியர் ஓடி ஏறி நிறுத்தினார். ‘அன்ஸ்டாப்பபிள்’ (2010) இதை வைத்து எடுத்த படம். வேகத்தைக் கூட்டி, ஆபத்தைப் பெருக்கிக் காட்டுகிறது. ஆனால் தொடக்கத் தவறும் பின்னாலிருந்து மாட்டும் உத்தியும் மெய்யான ரயில்வே. ‘தொடரி’ (2016) மாதிரி கட்டுமீறி ஓடும் ரயில் கதைகளைப் பார்க்கும்போது கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: விஜிலன்ஸ் கருவி எங்கே போயிற்று? நம் மின்சார என்ஜின்களில் டிரைவர் 60 விநாடி எதையும் தொடாமல் இருந்தால் விளக்கு எரியும், 8 விநாடியில் ஒலி எழும், அதற்கும் அசையாவிட்டால் இன்னும் 8 விநாடியில் தானாக பிரேக் விழும். கதாசிரியர் இந்தக் கருவிக்கு ஒரு பதில் வைத்திருந்தால் நான் தொப்பியைக் கழற்றுவேன்.

அபாயச் சங்கிலியும் அப்படித்தான். படத்தில் இழுத்த மாத்திரத்தில் கிரீச்சென்று நிற்கும். பழைய வேக்குவம் பெட்டியில் சங்கிலி ஒரு சிறு வால்வைத் திறக்கும், ‘உஸ்’ஸென்று காற்று உள்ளே போகும், என்ஜினில் வெற்றிட அளவு காட்டும் முள் இறங்கும். அதைப் பார்த்து டிரைவர் நிறுத்துவார். எந்தப் பெட்டி என்று தெரிய அதன் முனையில் வட்டத்தகடு திரும்பி நிற்கும். கார்டு இறங்கி நடந்து வந்து அதைச் சரிசெய்தால்தான் மறுபடி வெற்றிடம் ஏறும். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் நீள வண்டிக்கு அவசர பிரேக் போட்டாலும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேண்டியிருக்கும். கேட்டில் மாட்டு வண்டி சிக்கிக்கொள்ளும் காட்சிகளை இந்தக் கணக்கோடு பாருங்கள்.

சத்தத்தை வைத்தும் ஒரு படத்தைச் சோதிக்கலாம். மீட்டர் கேஜ் தண்டவாளத்துண்டின் நீளம் 12 மீட்டர். அகலப் பாதையில் 13. துண்டுகள் பிஷ் பிளேட்டால் சேரும் இடத்தில்தான் ‘தடக் தடக்’. மீட்டர் கேஜில் 43 விநாடிக்குள் எத்தனை இணைப்பு கேட்கிறதோ, அதுவே மணிக்கு இத்தனை கிலோமீட்டர். அகலப் பாதையானால் 47 விநாடி எண்ணவேண்டும். பெட்டியின் அடியில் உள்ள இரு போகிகளின் (சக்கரச் சட்டங்களின்) சக்கரங்களும் தட்டுவதால் ஓர் இணைப்புக்கு நாலு தட்டு வரும், அதை ஒன்றாக எண்ணிக்கொள்ளவேண்டும். வெளியே வயல் மெதுவாக நகர, ஒலியில் 90 கிலோமீட்டர் ஓடும் படங்கள் ஏராளம். இப்போது தண்டவாளங்களை நீளத்துக்குப் பற்றவைத்துவிட்டார்கள், மெயின் லைனில் அந்தத் தாளம் பெரும்பாலும் போய்விட்டது. இன்றைய கதைக்கும் அதே பழைய தாளத்தைச் சேர்க்கும் ஒலிப்பதிவாளர்கள் ரசிகனின் நினைவுக்காகச் செய்கிறார்கள். அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

கண்ணுக்கும் வேலை உண்டு. மீட்டர் கேஜ் பெட்டியின் முனையில் நடுவில் ஒரே பஃபர், அதிலேயே கொக்கி. பழைய அகலப் பாதைப் பெட்டியில் இரு ஓரங்களிலும் இரண்டு பஃபர், நடுவில் திருகுக் கொக்கி. மூக்கு குவிந்த, கூம்பில் நட்சத்திரம் வைத்த என்ஜின் என்றால் அது டபிள்யூ.பி., அகலப் பாதைக்குரியது. டெல்டாவில் ஓடியவை மீட்டர் கேஜ் என்ஜின்களான ஒய்.பி.யும் ஒய்.ஜி.யும். 1960, 70-களின் கும்பகோணத்தைக் காட்டுவதாகச் சொல்லி இரண்டு பஃபர் தெரிந்தால் வேறெங்கோ எடுத்தது என்று முடிவு கட்டலாம். ஒரே பயணத்தில் ஷாட்டுக்கு ஷாட் என்ஜின் மாறுவதும் இப்படித்தான் பிடிபடும். கூரைமேல் சண்டை இன்னொரு பொறி. பெட்டியின் கூரை தண்டவாளத்திலிருந்து ஏறக்குறைய 4 மீட்டர் உயரம், மின்கம்பி ஐந்தரை மீட்டர் அளவில். ஓர் ஆள் எழுந்து நின்றாலே 25,000 வோல்ட் கம்பி தலைக்கு வந்துவிடும். தொடவேண்டும் என்பதில்லை, கிட்டப் போனாலே பாயும். ‘உயிரே’ படத்தின் பாடலில் கூரைமேல் ஆட முடிந்தது நீலகிரிப் பாதையில் மின்கம்பி இல்லாததால். இப்போது மின்மயமான நம் மெயின் லைனில் யாரும் அதை நினைத்தும் பார்க்கக்கூடாது.

நம் பாதையின் ஊர்கள் படத்தில் பெயராக வந்து ஒளிர்ந்தது ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) காலத்தில். சிக்கல் சண்முகசுந்தரம், திருவாரூர் மோகனாம்பாள். நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பினால் சிக்கல், பிறகு கீழ்வேளூர், பிறகு திருவாரூர்; இரண்டு பேரும் ஒரே கிளைப்பாதைக்காரர்கள். ஒரே ரயிலில் ஏறவேண்டியவர்கள் என்பது கதை நடக்கும் முன்பே அட்டவணையில் இருக்கிறது. அந்தப் படத்தின் ரயில் பயணக் காட்சியில் நாயனமும் சலங்கையும் ஒரு பெட்டிக்குள் அடைபட்டுக் கண்ணாலேயே பேசிக்கொள்வது, டெல்டாவில் கச்சேரிக்கும் திருவிழாவுக்கும் குழுக்கள் தவிலையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ரயிலேறிய வழக்கத்தின் நேர்ப்படம்.

ஆனாலும் டெல்டாவின் ரயிலைத் தமிழ் சினிமா அதிகம் தேடி வரவில்லை. மலை, குகை, வளைவு வேண்டும் என்று கேமரா மேற்கே போய்விட்டது. ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சி கேத்தி ஸ்டேஷனில். சமவெளியில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு சத்யஜித் ரே 1955-லேயே பதில் சொல்லிவிட்டார். ‘பதேர் பாஞ்சாலி’யின் ரயில் தட்டையான வங்கச் சமவெளியில் வருகிறது. முதலில் கம்பத்தில் காது வைத்துக் கேட்கும் ரீங்காரம், பிறகு வெள்ளைப் பூக்களுக்கு மேலே கரும்புகை, அப்புறம்தான் வண்டி. மலையில் ரயில் திடீரென்று முளைக்கும். தட்டை நிலத்தில் அது வந்துகொண்டே இருக்கும், எதிர்பார்க்க நேரம் கொடுக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டு அடுத்த ஞாயிறு போனால் பூவையெல்லாம் மாடு மேய்ந்துவிட்டிருந்தது. மறு பருவம் வரை காத்திருந்தார்கள். அந்தப் பூ நம் கொள்ளிடக் கரையில் மண்டிக் கிடக்கும் நாணல் வகைதான். அந்தக் கரும்புகைக்கும் கணக்கு உண்டு. நல்ல ஃபயர்மேன் கரியைச் சிறிது சிறிதாகப் பரப்பிப் போடுவார், புகை மெல்லிய சாம்பல் நிறத்தில் போகும். கரும்புகை என்றால் எரியாத கரி காற்றில் போகிறது. கேமராவுக்காக ஒரேயடியாக அள்ளிப் போட்டால்தான் அது கிடைக்கும்.

கடைசியாக டெல்டாவை நேராகத் தொடும் ஒரு படம். டேவிட் லீனின் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ (1957). இலங்கையில் கித்துல்கலவில் களனி ஆற்றின்மேல் பாலம் கட்டி, ரயிலை ஓடவிட்டு வெடித்தார்கள். முதல் முயற்சியில் வெடி வைக்காமல் நிறுத்த, வண்டி பாலத்தைக் கடந்து அக்கரையில் ஒரு ஜெனரேட்டரில் போய் முட்டியது. மெய்யான பாலத்தைக் கமாண்டோக்கள் தகர்க்கவில்லை. 1945-இல் விமானக் குண்டுகள் சேதப்படுத்தின, செப்பனிட்ட பாலம் காஞ்சனபுரியில் இன்றும் நிற்கிறது. படம் பிரிட்டிஷ் போர்க் கைதிகளைப் பற்றியது, அந்த அளவில் கைதேர்ந்த படம். ஆனால் 1942–43-இல் ஜப்பானியர் போட்ட அந்த 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் உழைத்தார்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். படத்தில் அவர்கள் இல்லை. அந்தத் தோட்டங்களில் தஞ்சை, திருச்சி மாவட்டத்துக் குடும்பங்கள் ஏராளம். டெல்டாவின் ஸ்டேஷன்களில் ரயிலேறி, நாகப்பட்டினத்தில் இறங்கி, அங்கிருந்து கப்பலில் பினாங்குக்குப் போனவர்கள், அவர்களின் பிள்ளைகள். சயாம் காட்டில் அவர்கள் ஜல்லி கொட்டிக் கட்டை அடுக்கிய பாதையும் மீட்டர் கேஜ். ஊரில் ஏறிய வண்டியின் அதே 1,000 மில்லிமீட்டர்.